கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க அனுப்பலாமா? பாம்பன் தம்பிக்கு ஒரு பதில்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வெளியூரில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு சட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வீட்டில் எல்லோரும் இந்துக்கள். அவர்கள் கொடுத்த கையேட்டில் மனித மாண்பு, பொதுநலன், மனச்சாட்சி, ஏழைகள் பக்கம் நிற்பது என்றெல்லாம் போட்டிருக்கிறது. சட்டப்படிப்பில் இதற்கெல்லாம் என்ன வேலை, மதத்தைத் திணிப்பார்களா, ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கும்போது அவ்வளவு செலவு செய்து அனுப்பத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

நான் தங்கச்சிமடத்துக்காரி. 2010 முதல் 2015 வரை அப்படியொரு பல்கலைக்கழகத்தில்தான் சட்டம் படித்தேன். இப்போது ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் வழக்கு நடத்துகிறேன். உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளைக்குப் பஸ் ஏறுவேன். தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் பயம் மதம் பற்றித்தான் இருக்கும், அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல், மைனர் என்றால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், மதப் பாடத்திலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. திருச்சபையின் சொந்த விதியும் இதற்கு எதிராகப் போகவில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று போப் இரண்டாம் ஜான் பால் 1990 ஆகஸ்ட் 15 அன்று ஓர் ஆணை வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் எல்லாச் செயல்பாட்டிலும் கத்தோலிக்கப் போதனையின் தாக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே விதி, ஒவ்வொருவருடைய மனச்சாட்சியின் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. என் வகுப்பில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தோழி இருந்தாள். ரமலான் மாதத்தில் விடுதிச் சமையலறை அவளுக்காக விடியற்காலையிலேயே அடுப்புப் பற்றவைக்கும். ஐந்து வருடத்தில் அவளை யாரும் தேவாலயப் பூசைக்குக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதிகமாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை கிறிஸ்தவரே கிடையாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் எல்லா மதத்தாரும் போய்வருகிற கடற்கரை நம்முடையது. பெரியவர்களிடம் இதைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

மதம் பாடத்துக்குள் வருவது வேறு வழியில். ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறோமே, அதை வலுப்படுத்தியதில் இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏதேன் தோட்டத்தில் ஆதாமைக்கூட கடவுள் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் தண்டித்தார் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய நியாயம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பென்ட்லி என்பவரின் பட்டத்தை அவர் தரப்பைக் கேட்காமல் பறித்த வழக்கில், 1723இல் இங்கிலாந்து நீதிபதி ஒருவர் தீர்ப்பிலேயே அந்த ஆதாம் கதையைச் சொன்னார். இன்றைக்கு மீன்வளத் துறை ஒரு படகின் பதிவை ரத்து செய்தால் "விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தீர்களா" என்றுதான் நான் வாதத்தை ஆரம்பிக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாதாடுவதற்கும் தெரியாமல் வாதாடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இனி அந்தக் கையேட்டு வார்த்தைகளுக்கு வருகிறேன். மனித மாண்பு என்றால் என்ன என்று வகுப்பில் பத்து முறை எழுதியிருப்பேன். அது எனக்கு உண்மையில் புரிந்தது நான்காம் ஆண்டு கோடை விடுமுறையில், இங்கே நம் கரையில்தான்.

விடுமுறையில் சொந்த ஊரில் நான்கு வாரம் சட்ட உதவி வேலை பார்த்துவிட்டு, ஒரு வழக்கைப் பற்றி முழுக் குறிப்பு எழுதி வர வேண்டும் என்பது எங்களுக்கு விதி. மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். அப்போது 45 நாள்தான். 61 நாள் ஆனது 2017இல். படகெல்லாம் கரையேறிக் கிடக்கும், ஆண்கள் மராமத்து வேலையில் இருப்பார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா வந்தார். கணவர் வேறு இரண்டு பேரோடு நாட்டுப்படகில் போனவர். காற்று திடீரென்று மாறியிருக்கிறது. மூன்றாம் நாள் ஒருவர் உடல் கிடைத்தது. படகின் ஒரு பக்கப் பலகை, பதிவு எண்ணோடு, தனியாக ஒதுங்கியது. மற்ற இருவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் விபத்துக் காப்பீடு இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பதில்: ஏழு வருஷம் கழிச்சு வாங்க.

அவர் பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறிக்கும்போது விரலைக் கிழித்துவிடும் என்று பழந்துணியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வார்கள். அன்றைக்கு அப்படியே வந்திருந்தார், ஈரம் காயாத துணிச் சுற்றோடு. மடியில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட இன்னொரு பை. அதற்குள் கணவருடைய மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை. விரல் துணியை அவிழ்க்காமலே அந்த ரப்பர் பேண்டை அவர் கழற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காருன்னு கவர்மெண்டு சொல்லுதா பாப்பா, இல்ல செத்துட்டாருன்னு சொல்லுதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லு."

நான் நல்ல மாணவி. இரவே இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு: ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் தெரிந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். (2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இதுவே 111ஆவது பிரிவு.) இரண்டு ஆண்டுதான் ஆகியிருக்கிறது, ஆகவே காத்திருக்க வேண்டும் என்று முடித்தேன். விடுமுறை முடிந்து ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் ஒரு பிழையும் திருத்தவில்லை. "இதைத் தமிழில் எழுது. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து நீயே வாசித்துக் காட்டிவிட்டு வா" என்றார்.

தமிழில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் "உங்கள் கணவர் இறந்ததாகச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை" என்று வந்தது. அந்த விரல் துணி கண்ணுக்கு வந்தது. பேனா ஓடவில்லை.

திரும்பப் போய் நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் நான் கவனிக்காமல் விட்டது தெரிந்தது. ஏழு ஆண்டு என்பது ஓர் அனுமானத்துக்கான காலம், அவ்வளவுதான். அதற்கு முன் மரணத்தை நிரூபிக்கவே கூடாது என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. சூழ்நிலைச் சாட்சியம் இருந்தால் நீதிமன்றம் முன்னதாகவே முடிவுக்கு வரலாம். அன்றைக்குக் கடலுக்குப் போனதற்கான டோக்கன், ஒதுங்கிய பலகையின் எண், கூடப் போனவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், தேடுதல் நடந்த பதிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மூத்த வழக்கறிஞர் விளம்புகை வழக்குப் போட்டார், அதாவது அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றமே அறிவிக்கக் கேட்கும் வழக்கு. நான் மாணவி, பேப்பர் தூக்கியது மட்டும்தான் என் வேலை. ஒன்றரை வருடத்தில் தீர்ப்பு வந்தது. அந்த அம்மா பணத்தைப் பற்றிப் பிறகுதான் கேட்டார். முதலில் கேட்டது, கோயிலில் இறந்தவருக்கான பூசைக்குப் பேர் கொடுக்கலாமா என்று.

அந்த ஆசிரியை இதைப் பிறகு வகுப்பில் பாடமாக்கினார். 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒருவன் உன்னிடம் வாளை ஒப்படைக்கிறான். கேட்டபோது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவன் புத்தி பேதலித்து வந்து கேட்டால்? சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாளைக் கொடுத்தால் சட்டம் எதற்காக வந்ததோ அதுவே கெட்டுவிடும். எழுத்து தவறிப்போகும் இடத்தில் சட்டத்தின் நோக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரிவதை அவர் தனியொரு நற்பண்பாகவே வைத்தார். ஆனால் எங்கள் ஆசிரியை உடனே மறுபக்கத்தையும் கேட்டார். ஆளாளுக்கு நோக்கம் என்று கிளம்பினால் சட்டம் மிஞ்சுமா? ஆகவே முதலில் எழுத்தை முழுசாகப் படி, பாதியில் நிறுத்தாதே என்றார். நான் செய்த தவறு அதுதான். இரக்கம் இல்லாததால் சட்டத்தையும் அரைகுறையாகப் படித்திருந்தேன். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்து குமரி மீனவர்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போனபோது, ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல் அந்தக் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்க அரசே வழி செய்தது. அப்போது எனக்கு அந்த அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

மாண்பு என்று கையேட்டில் இருப்பதற்கு என் அனுபவத்தில் அர்த்தம் இதுதான் தம்பி. மனுதாரர் என்று காகிதத்தில் இருப்பவருக்கு முகம் இருக்கிறது என்பதை மறக்கவிடாமல் பழக்குவது.

பொதுநலன் இன்னும் கடினமான விஷயம். நம் வீட்டுக்குள்ளேயே வந்து கேள்வி கேட்கும். இறுதியாண்டில் வகுப்பில் ஒரு வாதம் வைத்தார்கள். பாக் நீரிணை. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது, 1976இல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று இரு நாடும் எழுதிக்கொண்டன. 2009இல் போர் முடிந்ததும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் மறுபடி வலையெடுத்தார்கள். நம் விசைப்படகுகளின் இழுவை மடி (கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலை) அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் வழக்கு. எனக்கு வந்த சீட்டு, அவர்கள் பக்கம். என் அண்ணன் அந்த வாரம் கடலில் இருந்தார். போனில் அம்மாவிடம் சொன்னேன். "அங்க படிக்கப்போயி நம்மளயே எதுத்துப் பேசச் சொல்றானுகளா?" என்று ஒரு சத்தம் போட்டார்.

அக்குவினாஸ் சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்தின் நடுவிலேயே பொதுநலன் இருக்கிறது. சமூகத்தின் பொறுப்பு உள்ளவர்கள் பொதுநலனுக்காக வகுத்து, எல்லோரும் அறிய வெளியிடும் அறிவின் கட்டளையே சட்டம் என்கிறார். பெரும்பான்மைக்குக் கிடைக்கும் லாபம்தான் பொதுநலன் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் தயார் செய்ததில் மாறியது. கடல் அடியைச் சுரண்டிவிட்டால் இந்தக் கரைக்கும் மீன் இல்லை, அந்தக் கரைக்கும் இல்லை. கடலே பொது. தமிழ்நாடு 1983இல் கொண்டுவந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையோரம் மூன்று கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியதன் நியாயம் அதுதான். நம் ஊருக்குள்ளேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாளைப் பிரித்து வைத்திருக்கிறோமே, அதுவும் இதே கணக்குத்தான். ஆனால் படகு இலங்கையில் பறிபோனால் உங்கள் அப்பா மாதிரி கூலிக்குப் போனவர் சிறையில் இருக்கிறார், முதலாளி கரையில் இருக்கிறார் என்பதையும் அதே வாதத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது. யார் நியாயம் பெரியது என்று யாரும் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, பாசி எடுக்கும் பெண்கள் தீவுப் பக்கம் போனால் பிடிபடுகிறார்கள். பவளப்பாறையைக் காப்பதும் பொதுநலன், அந்தப் பெண்களின் அடுப்பும் பொதுநலன். அவர்களுக்காக இன்று வாதாடும்போது பவளப்பாறையை இளக்காரமாகப் பேசிவிட்டு என்னால் வாதாட முடிவதில்லை. இது அங்கே கற்றது.

மனச்சாட்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கச் சட்டப் பள்ளிகளில் தாமஸ் மூர் பெயரை அடிக்கடி கேட்பீர்கள். இங்கிலாந்தின் வழக்கறிஞர், அரசரின் தலைமை அமைச்சர் நிலைக்கு உயர்ந்தவர், மனம் ஒப்பாத உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 1535இல் தலை வெட்டப்பட்டவர். எனக்கு அவரைவிட நெருக்கமானவர் 1303இல் இறந்த பிரித்தானியைச் (இன்றைய பிரான்சின் ஒரு பகுதி) சேர்ந்த புனித இவோ. வழக்கறிஞர்களின் பாதுகாவலர் என்று திருச்சபை போற்றும் புனிதர். ஏழைகளுக்காக வாதாடியதால் ஏழைகளின் வழக்கறிஞர் என்றே பெயர் பெற்றவர். ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்காகக் கடைசிவரை வாதாடு, ஆனால் அவருக்காகப் பொய் சொல்லாதே என்று எங்களுக்குச் சொன்னார்கள். தடை செய்யப்பட்ட இரட்டை மடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) போட்டுப் பிடிபட்டவருக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். மடியே போடவில்லை என்று மனுவில் எழுதச் சொன்னபோது வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

நல்லதை மட்டும் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகும். 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளருக்கு நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் வேண்டும் என்று எழுதியதைப் பாடமாக நடத்திய அதே வளாகத்தில், ஒப்பந்தத் துப்புரவுப் பெண்களுக்குக் கொடுத்த கூலியை நாங்கள் மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டி வந்தது. பதில் வர எட்டு மாதம் ஆனது. தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நிற்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை இன்றைக்கும் இல்லை. ஆணை அரசினுடையது, சுவர் நம்முடையது. இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் பேசத் துணிகிற பல்கலைக்கழகம் என்றால் அது தன் கையேட்டுக்கு உண்மையாக இருக்கிறது. அம்பேத்கரை, கடவுள் நம்பிக்கை இல்லாத சட்ட அறிஞர்களை, அக்குவினாஸுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு நடத்துகிறார்களா என்பதும் அப்படித்தான். எங்களுக்கு நடத்தினார்கள்.

இனி செலவு. பட்டம் எங்கே வாங்கினாலும் பார் கவுன்சில் விதி ஒன்றே, எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் ஒன்றே. நீதிபதி நீங்கள் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோதான் அனுப்ப முடியும் என்றால் அனுப்பாதீர்கள். கடனோடு வெளியே வரும் பிள்ளை ஏழை வழக்கை எடுக்க முடியாமல் நகரத்துக் கம்பெனி வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும். என்னோடு படித்த நான்கு பேர் அப்படிப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உதவித்தொகை எழுத்தில் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, முதல் வருடத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அந்த வாசலில் ஒரு வருடம் உட்கார்ந்தால் எங்கள் ஆசிரியை எனக்குக் காட்டியதில் பெரும்பகுதியைத் தங்கச்சி தானாகவே பார்த்துவிடுவாள். நல்ல ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் சீக்கிரம் பார்ப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிவெடுக்கும் முன் ஒரு முறை நேரில் போய்வாருங்கள். கட்டடத்தையும் மாதிரி நீதிமன்ற அறையையும் சுற்றிக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் சட்ட உதவி மையத்தின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம். அதில் எத்தனை வாரம் பெரிய அலுவலகங்களில், எத்தனை வாரம் கிராமத்தில் என்று கேளுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலத்துக்கு யார் உதவுவார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நான் அந்த ஆறு மாதம் விடுதிக் குளியலறையில் அழுதிருக்கிறேன். உதவித்தொகை முதல் வருடத்துக்கு மட்டுமா, ஐந்து வருடத்துக்குமா, ஒரு பாடத்தில் தவறினால் நின்றுவிடுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம் தம்பி. தங்கச்சியையே கேட்கவிடுங்கள். அவளுக்குப் பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்களா, உங்கள் பக்கம் திரும்பிச் சொல்கிறார்களா என்று மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள்.